யாழ்ப்பாணத்திற் கேட்டறியும் முறை: தேசவழமை முதல் உளவியலாய்வு வரை

தமிழிலே ‘கேள்வி’ என்னுஞ் சொல் வினாவுதலையுங் குறிக்கும். செவியாற் கேட்டறிதலையுங் குறிக்கும். திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு அதனைப் பெயராக வைத்தது பின்னைய பொருளிலாகும். மனிதரை வினாவி அவர்தம் வாழ்வை ஆராயுந் துறைக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டப்படுவன. அளவுசார் ஆய்வு எண்ணிக் கணக்கிடும். பண்புசார் ஆய்வோ, ஒருவர் தம் அனுபவத்துக்குத் தாமே கொள்ளும் பொருளை அவர் சொற்களிலேயே நாடும். அதன் தலையாய கருவி நேர்காணல். இதனை மேனாட்டார் அண்மையிற் கொணர்ந்த புதுமையெனக் கருதுவாருமுளர். ஆயின், ஊரவர் வழக்கை எழுத்திற் பொறித்து, அது சரியோவென அவரிடமே உசாவும் முயற்சி யாழ்ப்பாணத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது. அதன் சிறப்பும் குறையும் இன்றைய ஆய்வாளர்க்குப் பாடமாவன.

ஒல்லாந்த தேசாதிபதி கோர்னேலிஸ் யோவான் சீமோன்ஸ் பணித்தவாறு, யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இந்நாட்டு வழக்காறுகளைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு சமர்ப்பித்தார். அத்தொகுதியே தேசவழமையாம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துக்களும், ஒற்றி, ஈடு, சுவீகாரம், அடிமைகள் ஆகிய பிறவும் அதிற் கூறப்பட்டன. ஐசாக்ஸ் 30 ஆண்டுகளுக்கு மேலாக இங்கு வாழ்ந்து பழகியவர். எனினும், அவர் அறிவே போதுமென்று விடப்படவில்லை. ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டது தமிழாக்கப்பட்டு, 12 முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனை ஆராய்ந்து, நாட்டு வழக்கோடு ஒத்ததெனக் கையொப்பமிட்டனர். எழுதியதைச் சான்றோர் முன் மீளவைத்துச் சரிபார்த்தல் இக்காலப் பண்புசார் ஆய்விலும் நன்கு மதிக்கப்படும் ஒழுங்காகும். வழக்கங்கள் என்றும் ஒருபடித்தாய் நின்றனவல்ல என்பதையும், போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பு தே ஒலிவேறாவின் காலத்தில் அவை மாறியமையையும் அந்நூல் மறையாது குறிக்கின்றது.

இனி அதன் குறையை நோக்குவோம். உசாவப்பட்ட பன்னிருவரும் அரசாங்கத்தோடு தொடர்புடைய உயர்குடியினர். பெண்ணின் சீதனம் பற்றி நூல் விரித்துரைக்கின்றது. கையொப்பமிட்டோருள் ஒரு பெண்ணேனும் இலள். அடிமைகளின் நிலை பற்றி விதிகள் வகுக்கின்றது. அடிமைப்பட்டார் ஒருவரேனும் வினாவப்பட்டிலர். ஒருசாரார் கூறியது நாட்டின் கூற்றாயிற்று. அவ்வளவில் நில்லாது, ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனைச் சட்டமாக உறுதிசெய்தனர். இலங்கையில் அடிமைமுறை 1844 இல் ஒழிந்தது. சொத்துரிமை விதிகள் 1911 முதலாகத் திருத்தங்கள் பெற்று இன்றும் நிலவுகின்றன. யாரை வினாவினர் என்பது வெறும் ஆய்வு நுணுக்கமன்று. தலைமுறை பலவற்றின் காணியும் வாழ்வும் அதனைப் பற்றி நின்றன.

வினாவுவோன் எவ்வாறு வினாவ வேண்டும் என்பதை உளவியலார் இருபதாம் நூற்றாண்டிலே தெளிவுறக் கண்டனர். பாரிசு நகரிற் சிறுவர்க்கு நுண்ணறிவுச் சோதனை நடாத்திய பியாஜே, சரியான விடைகளை எண்ணுவதோடமையாது, பிழையான விடைகளின் காரணத்தையும் உசாவினார். அவ்வுரையாடலிலிருந்தே சிறுவர் சிந்தனை பற்றிய அவர் கொள்கை வளர்ந்தது. அமெரிக்காவிலே, சிக்காக்கோவை அடுத்த ஹாத்தோர்ண் தொழிற்சாலையில், 1928 இல் தொழிலாளரை நேர்காணும் திட்டமொன்று தொடங்கிற்று. முதலில் வகுத்த வினாக்களே கேட்கப்பட்டன. தொழிலாளரோ அவற்றை விட்டுத் தம் மனத்தை அழுத்தியவற்றையே பேசலாயினர். எனவே 1929 இல் முறை மாற்றப்பட்டது. அவர் பேச, நேர்காண்போர் இடைமறியாது கேட்டனர். ஏறத்தாழ 21,000 பேர் இவ்வாறு நேர்காணப்பட்டனர். முன்னரே வகுத்த வினா, விடையையும் ஓரளவு வகுத்துவிடுகிறது என்பது அதனாற் புலனாயிற்று.

இவ்வுண்மையின் அருமை போர்க்காலத்து யாழ்ப்பாணத்திற் பெரிதும் உணரப்பட்டது. அச்சம் நிலவும் ஊரில் வினாக்கொத்தில் ‘இல்லை’ என்று குறிப்பது துன்பமின்மையைக் காட்டாது. பேச அஞ்சுதலையுங் காட்டலாம். மேலும், நம்மவர் மனத்துயரைப் பெரும்பாலும் தலையிடி, நெஞ்சுநோ, பெருமூச்சு என உடலின் மொழியிலேயே வெளியிடுவர். அம்மொழியை அறியாத கேள்விக்கு விடை கிட்டாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கம் பற்றி 1998 இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். 2007 இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு, தனிமனிதரைக் கடந்து குடும்பத்தையும் சமுதாயத்தையும் பற்றிய ‘கூட்டு மனவடு’வை நாடியது. உளநலப் பணியில் ஈடுபட்டபடியே அவதானித்தல், விடயமறிந்தோரை நேர்காணல், குழுக் கலந்துரையாடல் என்பன அதன் வழிகள். நீண்ட போரினால் மக்கள் பிறரிற் சார்ந்தோராய், மௌனிகளாய், தலைமையற்றோராய், ஒருவரையொருவர் ஐயுறுவோராய் மாறினர் என அவ்வாய்வு கண்டது. ஆழிப்பேரலையின் பின் தோன்றிய மாற்றங்கள் அத்துணை ஆழமானவையாய் இருக்கவில்லை. மௌனத்தையும் ஒரு சான்றாகக் கொண்டமையே ஈண்டுக் கருதத்தக்கது. எண்ணிக் கணக்கிடும் முறைக்கு அஃது எளிதில் அகப்படாது.

ஆயினும், 2007 ஆம் ஆண்டின் ஆய்வில் உசாவப்பட்டோர் பெரிதும் நிவாரணப் பணியாளரும் அலுவலருமே ஆவர். துன்புற்றார்க்கு மிக அணித்தாய் நின்றோராயினும், அவர்க்காகப் பேசியோர் அவர். 2009 இற் போர் முடிவுற்றபின், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தோர் பற்றி அவரே 2010 இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்தப்பியோரின் சொந்தக் கதைகளையும் சித்திரங்களையும் கடிதங்களையும் கவிதைகளையும் சான்றாய் ஏற்றது. வாயாற் சொல்லவியலாதார் வரைந்து காட்டவும், எழுதிக் காட்டவும் இதனால் வழி பிறந்தது.

முதலியார்களின் கையொப்பத்திலிருந்து இடம்பெயர்ந்தார் வரைந்த சித்திரம் வரை வந்த இப்பாதையில், கேட்கப்படுவோரின் வட்டம் மெல்ல மெல்ல விரிந்துள்ளது. இன்று இக்குடாநாட்டிலே நேர்காணலை மேற்கொள்ளும் மாணவர், தாம் சேர்த்த விடைகளைப் பொருள்கொள்ளுமுன், இன்னும் எவரிடம் வினாவவில்லை என்று ஆராய்தல் கடன். தேசவழமையைத் தொகுத்தோர் அதனை ஆராய்ந்திருப்பின், நம் முன்னோருட் பலரின் குரல் வரலாற்றிற் பதிவாகியிருக்கும்.