ஆழ்மூளைக் கட்டி அறுவையில் காட்சித் தொழில்நுட்பம்

தலாமஸ், மூளைத்தண்டு, மூளையறைகள் போன்ற உட்பகுதிகளில் வளரும் கட்டிகளை அகற்றும்போது, மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்கும் கருவிகளையும் முறைகளையும் இப்பெயர் குறிக்கும். மேற்பரப்புக் கட்டியை நேரே பார்த்து எடுக்கலாம். ஆழத்தில் உள்ளதை எட்டவோ, பேச்சையும் கைகால் அசைவையும் நடத்தும் நரம்பிழைகளுக்கு ஊடே வழி தேட வேண்டும்.

1947இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எர்னஸ்ட் ஸ்பீகல், ஹென்றி வைசிஸ் இருவரும் நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, அளவுக் கணக்கைக் கொண்டே மூளையின் ஆழத்தை எட்டினார்கள். இன்று பெரும்பாலும் அந்த வேலையை நியூரோநேவிகேஷன் செய்கிறது. முன்கூட்டியே எடுத்த எம்.ஆர்.ஐ. படம் கணினியில் இருக்கும். கருவியின் நுனி மூளையில் எங்கே நிற்கிறது என்பதை கேமரா பின்தொடர்ந்து திரையில் காட்டும். நரம்பிழைகளின் தடத்தை வரையும் டிராக்டோகிராபியையும் அதன்மேல் ஏற்றிப் பார்க்கலாம்.

ஆனால் மூளை அசையாமல் இருப்பதில்லை.

மூளையுறையைத் திறந்ததும் மூளைத் தண்டுவட நீர் வடியும். மூளை தன் எடையாலேயே அமிழும். கட்டியை எடுக்க எடுக்கச் சுற்றியுள்ள திசு இடம் மாறும். இந்த நகர்வு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. காலையில் எடுத்த படம் மதியத்துக்குள் பழசாகிவிடுகிறது. அதனால்தான் போஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை, 1990களின் நடுவில், எம்.ஆர்.ஐ. எந்திரத்தையே அறுவை அரங்கில் நிறுவியது. இரண்டு காந்த வளையங்களுக்கு இடையே நின்றபடி மருத்துவர்கள் அறுவை செய்தார்கள். செலவு மிகுந்த ஏற்பாடு. காந்தம் இழுக்கும் கருவிகளுக்கும் அங்கே இடமில்லை. இதற்கு மாற்றான அல்ட்ராசவுண்டில் படம் அவ்வளவு தெளிவாக இராது என்றாலும், நினைத்த நேரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, கட்டியையே ஒளிரவைப்பது. 5-ஏஎல்ஏ என்னும் மருந்தை மயக்க மருந்து கொடுப்பதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு நோயாளி குடிப்பார். வீரியமிக்க கிளையோமா என்னும் மூளைக்கட்டியின் செல்களில் அது புரோட்டோபோர்பிரின் என்ற நிறமியாக மாறித் தேங்குகிறது. நீல ஒளியில் கட்டி சிவப்பாகத் தெரியும். (தோலும் ஒளிக்குக் கூசும் என்பதால், மருந்து குடித்தவரை ஒரு நாள் வெயில் படாமல் வைத்திருப்பார்கள்.) ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் தலைமையில் 322 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் கட்டிப்பகுதி முழுதாக நீங்கியவர்கள், இம்மருந்து பெற்றோரில் 65 விழுக்காடு, பெறாதோரில் 36 விழுக்காடு. அமெரிக்கா 2017இல் இம்மருந்தை ஏற்றது.

இந்த எண்களை ஆழ்கட்டிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. முழுதாக எடுக்கக்கூடியவை என்று கருதப்பட்ட கட்டிகளே அந்த ஆய்வில் இருந்தன. நீல ஒளி படும் இடம்தான் சிவக்கும். மெல்லிய திசுவோ இரத்தமோ மூடினால் நிறம் மறைந்துவிடும். குறுகலான ஆழ்வழியில் அந்த ஒளியே மங்கிப்போகிறது.