டார்ச் விளக்கு: எல்.இ.டி. திறனும் மாற்றும் தருணமும்

டார்ச் விளக்கின் ஒளிர்திறன் என்பது செலவாகும் ஒவ்வொரு வாட் மின்சாரத்துக்கும் அது தரும் ஒளியின் அளவு. லூமன் கணக்கில் சொல்வது வழக்கம். இழை பல்பு போட்ட பழைய டார்ச்சில் இது வாட்டுக்கு 10 லூமனை ஒட்டியே இருந்தது, மீதி எல்லாம் வெப்பமாகப் போயிற்று. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962-இலேயே செய்துவிட்டாலும், வெள்ளை ஒளிக்கு நீலம் வேண்டியிருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசியதும் 1996-இல் வெள்ளை எல்.இ.டி. பிறந்தது. 2000-ஐ ஒட்டி வாட்டுக்கு 25 லூமன் அளவில் இருந்த வெள்ளை எல்.இ.டி., 2006-இல் வந்த க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்.ஆர்-இ எல்.இ.டி. சில்லில் 70-ஐத் தொட்டது. 2010 இறுதியில் அதே நிறுவனம் அறிவித்த எக்ஸ்.எம்-எல், 3 ஆம்பியர் மின்னோட்டத்திலும் வாட்டுக்கு 100 லூமன் தந்தது.

பத்தே ஆண்டில் நான்கு மடங்கு! அப்படி ஒரு பாய்ச்சல் இனி வராது. வெள்ளை ஒளிக்கு ஓர் இயற்பியல் எல்லை உண்டு; மனிதக் கண் பச்சையை அதிகமாகவும் சிவப்பு, நீலத்தைக் குறைவாகவும் உணர்வதால், நல்ல வெள்ளை ஒளி வாட்டுக்கு முந்நூற்றுச் சொச்ச லூமனைத் தாண்டுவது கடினம். க்ரீ ஆய்வகம் 2014-லேயே 303 லூமனை எட்டிவிட்டது. ஆகவே, டார்ச்சை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்குக் கடைக்குப் புதிதாக வந்த சில்லு விடை சொல்லாது; கையில் இருக்கும் விளக்கு எந்தக் காலத்தது என்பதே விடை சொல்லும். இழை பல்போ, பொத்தான்போல் வரிசையாகப் பதித்த பழைய 5 மி.மீ. எல்.இ.டி.களோ இருந்தால் இன்றே மாற்றலாம். 2011-க்குப் பிறகு வாங்கிய தரமான விளக்கை, வெறும் ஒளிர்திறனுக்காக மாற்றுவதில் பொருளில்லை.

பெட்டியில் அச்சிட்ட 1000 லூமன், 2000 லூமன் எல்லாம் முன்னேற்றம் இல்லையா என்று கேட்கலாம். அந்த எண்ணில் பெரும்பகுதி, மின்னோட்டத்தைக் கூட்டிப் பெற்றது. அதற்கு ஒரு விலை உண்டு. எக்ஸ்.எம்-எல் சில்லுக்கு 350 மில்லி ஆம்பியர் கொடுத்தால் வாட்டுக்கு ஏறத்தாழ 160 லூமன். அதே சில்லுக்கு 3 ஆம்பியர் கொடுத்தால் 100தான். மின்னோட்டம் ஏற ஏறத் திறன் சரிகிறது. சரிந்தது வெப்பமாகிறது. உள்ளங்கையில் அடங்கும் அலுமினியக் குழாயால் அந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாது. அதனால் சில நிமிடங்களில் விளக்கே தன் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2009-இல் வந்த எஃப்.எல்.1 தரநிலைப்படி, விளக்கை ஏற்றி 30 விநாடி கழித்து உள்ள ஒளியே தொடக்க ஒளி. அது பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரமே எரியும் நேரம். எனவே "1000 லூமன், 3 மணி நேரம்" என்று படித்துவிட்டு மூன்று மணி நேரமும் 1000 லூமன் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. நம் கண்ணும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒளி இரட்டித்தால் பிரகாசம் இரட்டித்ததாகத் தெரியாது. கற்றையின் வடிவம் மாறாதவரை எட்டும் தூரமும் 1.4 மடங்குதான் கூடும்.

இன்னொரு வாதம் வலுவானது. அதே வெளிச்சத்துக்கு வாட்டுக்கு 100-க்குப் பதில் 150 லூமன் திறன் கிடைத்தால் பேட்டரி ஒன்றரை மடங்கு நேரம் வருமே? வரும். இரவெல்லாம் காவல் சுற்றுபவருக்கும், விடிய விடியத் தண்ணீர் பாய்ச்சுபவருக்கும் அது பெரிய உதவி. அவர்கள் மாற்றுவது நியாயம். வீட்டு உபயோகக் கணக்கு வேறு. நாளுக்கு ஐந்து நிமிடம் 1 வாட்டில் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 30 வாட்-மணி. அதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்றால் 10 வாட்-மணி, அதாவது ஒரு 18650 லித்தியம் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை சார்ஜ் செய்யும் வேலை குறைகிறது. இதற்காக ஒரு நல்ல விளக்கைக் குப்பையில் போடலாமா?

மாற்றத் தகுந்த காரணங்கள் சில்லுக்கு வெளியே இருக்கின்றன. நம் வீடுகளில் உள்ள ரீசார்ஜ் டார்ச் பலவற்றில் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிவு இறுகி, பேட்டரி மீளாமல் போகிறது. எல்.இ.டி. நன்றாகத்தான் இருக்கும், கரண்ட் போன நேரத்தில் விளக்கு எரியாது. அப்போது லித்தியம் விளக்குக்கு மாறுவதே சரி. மின்தடையம் மட்டும் வைத்து ஓட்டும் மலிவு விளக்கும் அப்படித்தான்: 4.2 வோல்ட் பேட்டரியிலிருந்து 3 வோல்ட் எல்.இ.டி.க்குக் கொடுக்கும்போது மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் வீணாகிறது, பேட்டரி இறங்க இறங்க ஒளியும் மங்குகிறது. சீரான மின்னோட்டம் தரும் சுற்று அமைந்த விளக்கு, புதிய சில்லைவிட அதிகப் பலன் தரும்.

நிறத்துக்காக மாற்றுவதும் நல்ல காரணமே, அதில் ஒளிர்திறன் சற்றுக் குறைந்தாலும். நீலம் தூக்கலான மலிவு ஒளியில் சிவப்பும் பழுப்பும் சாம்பலாக வெளிறுகின்றன; வரப்பில் கிடக்கும் சருகையும் அதன் நடுவே சுருண்டிருக்கும் விரியனையும் பிரித்தறிவது கடினம். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் குறியெண் 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. அதே மின்சாரத்தில் குறைந்த லூமனே தரும். ஆனாலும் இரவில் வயலுக்கு நடப்பவர் அதைத்தான் வாங்க வேண்டும்.