ஒளி வந்தது, உரிமை வந்ததா?

ஓசூரிலே ஆலைச் சங்கு ஊதுகிறது. ஆயிரமாயிரம் கைகள் இயந்திரங்களை இயக்குகின்றன. அந்த இயந்திரங்களுக்கு ஆற்றல் தந்தது யார்? ஆண்டவன் அருள் என்பார், ஆயுத பூசையன்று பூசணிக்காய் உடைப்பவர். வரலாறு வேறு விடை தருகிறது. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல். வெள்ளைக்கார முதலாளிகள் அங்கே சுரங்கம் தோண்டினர். தமிழ்நாட்டுச் சேரிகளிலே சாதியால் மிதிபட்ட மக்கள் பிழைப்புத் தேடிச் சென்று, பாதாளத்தில் இறங்கினர். நீராவிப் பொறிகளுக்கு விறகும் நிலக்கரியும் இரையாயின. காடு சுருங்கிற்று, செலவு பெருகிற்று.

1902ஆம் ஆண்டு, சிவசமுத்திரத்தில் வீழும் காவிரியின் வேகம் மின்விசையாக மாறி, ஏறத்தாழ 92 மைல் கம்பி வழியே தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகமே வியந்த நெடுந்தொலைவு அது! பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்ததோ 1905இல். முதலில் பொன்னுக்கு, பின்னர் நகருக்கு, நெடுங்காலம் கழித்தே சிற்றூருக்கு! ஆறு பள்ளம் நோக்கிப் பாயும். ஆற்றில் பிறந்த மின்சாரமோ இலாபம் நோக்கிப் பாய்ந்தது.

அந்தப் பொன் கடல் கடந்தது. விடுதலைக்குப் பின் சுரங்கங்களை அரசு ஏற்றது. 2001இல் அவை மூடப்பட்டன. உழைத்தவர்க்கு எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகள். அவர்தம் பிள்ளைகள் இன்று வைகறையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

எல்லைக்கு இப்பால், ராகி விளைந்த ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. எழுந்த வேளையோ எண்ணெய் நெருக்கடி வேளை! 1973இல் மேற்காசியாவில் போர் மூண்டது. பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற எண்ணெய், சில திங்களில் 12 டாலரை நெருங்கிற்று. 1979இல் ஈரானியப் புரட்சியை ஒட்டி மீண்டும் ஏறிற்று. மறு ஆண்டே, 1980இல், குறைந்த பெட்ரோலில் ஓடும் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து புறப்பட்டது. அதனை ஏழை வணிகனின் குதிரை என்பதா, எண்ணெய்ச் சந்தையின் எதிரொலி என்பதா? இரண்டுமே உண்மை!

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தை மின்வெட்டு வாட்டியது. வசதி படைத்த ஆலை டீசல் ஜெனரேட்டரை இயக்கிற்று. வசதியற்ற சிறு பட்டறையில் கடைசல் இயந்திரம் நின்றது. அன்றாடக் கூலியும் நின்றது.

இன்று காட்சி மாறியுள்ளது. 2020இல் அதே ஓசூர் நிறுவனம் மின்கலத்தால் ஓடும் ஸ்கூட்டரை வெளியிட்டது. 2021இல் போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. அதனைப் பெண்களே நடத்துவர் என்ற அறிவிப்பும் வந்தது. அடுப்படியில் அடைக்கப்பட்டவள் ஆலையை ஆள்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த மின்கலத்தின் உள்ளே என்ன? லித்தியத்தை ஆஸ்திரேலியாவும் சிலியும் தோண்டுகின்றன. கோபால்ட்டைக் காங்கோ தோண்டுகிறது. பெரும்பகுதியைச் சுத்திகரிப்பது சீனா. எண்ணெய்க்குக் கையேந்திய நாம் கனிமத்துக்குக் கையேந்துவதோ விடுதலை?

இளந்தோழர்காள்! விறகு போயிற்று, நீராவி போயிற்று, எண்ணெயும் ஒருநாள் போகும். கையை மட்டும் கொடுத்தவன், காலம் மாறும்போது மண்மேட்டருகே நிறுத்தப்படுகிறான். அதுவே தங்கவயல் தரும் பாடம். ஆகவே, மின்கலத்தைப் பூட்டக் கற்றது போதாது. அதன் வேதியியலைக் கற்போம், ஆராய்வோம், ஆக்குவோம். சங்கமாகச் சேர்ந்து பங்கும் கேட்போம்.

இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பவன் அதற்கு அடிமை; அதன் இயக்கம் அறிந்தவனே அதற்குத் தலைவன்!