பார்ப்பவர் விருப்பமும் காணொளியின் போக்கும்



வானொலி நிலையத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் பிடித்த பாடலைக் கேட்டுவந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்று நம் கையிலுள்ள கைப்பேசியும் அத்தகைய அஞ்சலட்டைதான். ஆனால், நாம் எழுதாமலே அது நம் விருப்பத்தை எழுதி அனுப்பிவிடுகிறது. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை இன்று காண்போம்.

யூடியூப் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூன்று இளைஞர்களால் தொடங்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான ஜாவேட் கரீம், ஏப்ரல் 23ஆம் நாள் முதல் காணொளியை ஏற்றினார். மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று அவர் பேசியது 19 விநாடிதான். 2006இல் கூகுள் நிறுவனம் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்கியது. 2007 முதல் விளம்பர வருவாயில் ஒரு பங்கு காணொளி தயாரிப்போருக்கும் கிடைக்கலாயிற்று. பொழுதுபோக்காக இருந்தது தொழிலாகவும் மாறியது.

தொடக்கத்தில், எத்தனை பேர் திறந்து பார்த்தனர் என்ற கணக்கே முதன்மை பெற்றது. ஆகவே, உள்ளே சரக்கில்லாவிட்டாலும் வெளியே கவர்ச்சியான படமும் தலைப்பும் வைத்துப் பலர் ஆளை இழுத்தனர். 2012இல் இம்முறை மாறியது. எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பது அளவுகோலாயிற்று. காணொளிகள் நீண்டன. நடுவில் விளம்பரம் சேர்க்கப் பத்து நிமிடம் வேண்டும் என்றிருந்ததால், ஐந்து நிமிடச் செய்தியும் பத்து நிமிடமாக இழுபட்டது. 2020இல் அந்த அளவு எட்டு நிமிடமாகக் குறைக்கப்பட்டது.

பால்மரம் சீவுவோருக்கு எடைக்கேற்பக் கூலி என்றால் வேலை ஒருவிதம். நாட்கூலி என்றால் வேறுவிதம். காணொளியும் அப்படித்தான். கூலிக்கணக்கு மாறினால் சரக்கும் மாறும்.

இதனால் நன்மையும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் திறந்தவெளியில் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்றது. நம் நாட்டிலும், பேராக்கில் தோட்ட வேலை பார்த்த ஒரு குடும்பத்தினர் 2020இல் மலாய்மொழியில் பேசிச் சமைத்துக் காட்டினர். எல்லா இனத்தவரும் அதனை விரும்பிப் பார்த்தனர்.

ஆனால், ஒன்று நம் மனத்தை உறுத்துகிறது. நேற்றிரவு என்ன பார்த்தீர்கள் என்று வகுப்பில் கேட்டோம். ஒருவரையொருவர் ஏமாற்றிச் சிரிக்கும் காட்சிகளையே பிள்ளைகள் அடுக்கினர். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவரைப் பற்றிப் பார்த்ததாக ஒரு பிள்ளையும் கூறவில்லை. பார்க்க ஆளில்லையென்றால் எடுக்கவும் ஆள் வரமாட்டார்கள். அக்கதைகளைக் கேட்டறிந்த முதியோரோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.

ஆகவே நேயர்களே, ஒரு காணொளியைக் கடைசிவரை பார்ப்பது நாம் அதற்குப் போடும் வாக்கு. இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து, பயனுள்ள ஒன்றை முழுமையாகப் பாருங்கள். இயன்றால், வீட்டுப் பெரியவரைப் பேசச் சொல்லி உங்கள் கைப்பேசியிலேயே பதிந்துவையுங்கள். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். நம் பேரப்பிள்ளைகள் பார்த்தால் போதும்.