கூப்பனும் வெங்காயமும்: பண்டத்தரிப்பு நோக்கில் இலங்கையின் சமூகப் பாதுகாப்பு வரலாறு

இலங்கையின் சமூக நலக்கொள்கை பற்றி எழுதுவோர் அரிசிப் பங்கீட்டினையும், இலவசக் கல்வியையும், இலவச மருத்துவத்தையும் எடுத்துக்கூறி, 1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை அந்நலன்களைக் குறைத்த கதையினைச் சொல்லி முடிப்பது வழக்கம். இக்கதை பிழையானதன்று, ஆயினும் முழுமையானதுமன்று. சம்பளத்தில் வாழும் நகரத்தவனுக்கு இது பொருந்தும். வெங்காயமும் மிளகாயும் விளைவித்து விற்று அரிசி வாங்கும் வலிகாமத்துக் கமக்காரனுக்கு அரசு அளித்த பாதுகாப்பு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று கூப்பன் புத்தகத்தில் இருந்தது. மற்றையது துறைமுகத்தில் இருந்தது. இரண்டாவதனை நலக்கொள்கை என எவரும் கணக்கிற் கொள்வதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கில், சில்லாலைக்கும் மாதகலுக்கும் அண்மையில் அமைந்த பண்டத்தரிப்பு, வெளியுலகத் தொடர்பினைப் புதிதாக அறிந்த ஊரன்று. போர்த்துக்கேயர் காலத்திலேயே இங்குத் தேவாலயம் இருந்தது. 1820 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் இவ்வூரிற் தங்கி மருத்துவப் பணியினைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகள் தந்த ஆங்கிலக் கல்வி குடாநாட்டு இளைஞரை மலாயாவின் புகைவண்டிப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் அனுப்பியது. அவர்கள் அனுப்பிய பணமும், பின்னர் வந்த மலாயாப் பென்சனும், அரசு எதுவும் வழங்காத காலத்தில் குடாநாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதுமைக்காலக் காப்பாயின. ஆனால் அக்காப்பு படித்தவர் வீட்டு முற்றத்தோடு நின்றுவிட்டது.

அரசின் காப்பு எல்லோர் வீட்டுக்கும் வந்தது போரின் விளைவாகவே. 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு அரிசி தந்த வழி அடைபட்டது. அவ்வாண்டிற் தொடங்கிய பங்கீடு, போர் முடிந்த பின்னரும் நீங்கவில்லை. உள்ளவன் இல்லாதவன் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் கூப்பன் இருந்தமையே இம்முறையின் சிறப்பாகும். ஆசிரியரும் கூலியாளும் ஒரே சங்கக்கடை வரிசையில் நின்றனர். சாதிப்பாகுபாடு கோயிலிலும் கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் கோலோச்சிய ஒரு சமூகத்தில், யார் பெயரிலும் ஒரே அளவு அரிசி எழுதப்பட்டிருந்த அச்சிறு புத்தகத்தின் பெறுமதியை அரிசியின் விலையால் மட்டும் அளத்தல் போதாது.

கொரிய யுத்தத்தின்போது உயர்ந்த இறப்பர் விலை வீழ, அரிசி விலை ஏறியது. 1951 இல் வந்த உலக வங்கித் தூதுக்குழுவும் உணவு மானியத்தைக் குறைக்கும்படி கூறியிருந்தது. 1953 யூலையில் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆந் திகதி நிகழ்ந்த ஹர்த்தாலும், அதனையடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகியமையும் யாவரும் அறிந்தவை. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு எந்த அரசும் பங்கீட்டினை அடியோடு நீக்கத் துணியவில்லை. 1966 இல் இரண்டு கொத்து ஒன்றாக்கப்பட்டு, அவ்வொன்று இலவசமாக வழங்கப்பட்டது. 1973 இல் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறியபோது இலவச அளவு மேலும் குறைந்தது.

இங்கேதான் வலிகாமத்தின் வரலாறு நாட்டின் பொதுவரலாற்றிலிருந்து பிரிகின்றது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960 களில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1970 இன் பின் இறுகியது. இந்தியாவிலிருந்து வந்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் நின்றன. ஆறில்லாத, சுண்ணாம்புப் பாறைமேற் படிந்த செம்மண்ணில், கிணற்று நீரை மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைத்துச் சிறு துண்டு நிலத்திற் பயிர் செய்த கமக்காரனுக்கு நாடு முழுவதும் சந்தையாயிற்று. சுன்னாகச் சந்தையிலிருந்து லொறிகள் கொழும்புக்கு ஓடின. கல்வீடுகள் எழுந்தன. தரப்படுத்தலினாற் பல்கலைக்கழகம் புக இயலாத இளைஞர் சிலருக்கும் தோட்டம் தொழிலாயிற்று. பாணுக்கு மக்கள் விடியுமுன் வரிசையில் நின்ற அதே ஆண்டுகள், குடாநாட்டுத் தோட்டக்காரர் பலருக்குச் செழிப்பான ஆண்டுகளாயின.

இச்செழிப்பினை மிகைப்படுத்தலாகாது. நிலமுடையோனே இலாபத்தின் பெரும்பகுதியைப் பெற்றான். குத்தகைக்குச் செய்தவனுக்கு எஞ்சியது குறைவு. கூலிக்கு வெங்காயம் கிண்டியவனுக்கோ கூலி கூடியபோதும் வெளிச்சந்தை அரிசியின் விலையும் கூடியது. அவனைத் தாங்கியது கூப்பனே. தோட்டக்காரனைத் தாங்கியது இறக்குமதித் தடையே. ஓரூரிலே இரு வர்க்கத்தார் இரு வேறு காப்புக்களின் கீழ் வாழ்ந்தனர் எனலாம்.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு இரண்டும் ஆட்டங்கண்டன. இறக்குமதி தளர்த்தப்பட்டது, டொலருக்கு ஏறத்தாழ 8 ரூபாவாக இருந்த உத்தியோகபூர்வ நாணயமாற்று விகிதம் 16 ரூபாவாயிற்று. மிளகாயும் வெங்காயமும் மீண்டும் கப்பலில் வந்தன. விளைபொருளின் விலை தளர்ந்த வேளையில் எண்ணெயின் விலை ஏறியது. 1978 இன் தொடக்கத்தில் மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்றாயிற்று. 1979 செப்ரெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. வளர்ந்தவருக்கு மாதம் 15 ரூபா. குடும்பமொன்றுக்கு மண்ணெண்ணெய் முத்திரை 9 ரூபா 50 சதம். இம்மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் உரியது. இறைப்பு இயந்திரத்தை அரசு நினைக்கவில்லை.

முத்திரையில் இரு குறைகள் இருந்தன. கொத்துக்கணக்கில் அளக்கப்பட்ட உரிமை ரூபாக் கணக்குக்கு மாறியது. 1980 இல் மட்டும் விலைவாசி 26 சதவீதம் உயர்ந்தபோது முத்திரையின் பெறுமதி அப்படியே நின்றது. மற்றையது, வருமானத்தை நிறுவவேண்டிய கட்டாயம். சம்பளக்காரனின் வருமானம் ஏட்டில் உண்டு; ஒரு போகம் இலாபமும் மறுபோகம் கடனுமாக வாழும் தோட்டக்காரனின் மாத வருமானம் யாது? எல்லோருக்கும் உரியதாயிருந்தது, ஏழை என்று எழுதித் தருவோருக்கு மட்டும் உரியதாயிற்று. அரசின் செலவு குறைந்தது உண்மை. அச்சுமை மிக இளகிய தோள்களிலும் ஏற்றப்பட்டது என்பதும் உண்மை.

அடுத்து நிகழ்ந்தது வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று. நாடு உலகுக்குத் திறக்கப்பட்ட காலத்தில் குடாநாடு நாட்டிலிருந்தே அடைக்கப்பட்டது. 1989 இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய ஜனசவிய, தெரிந்தெடுத்த குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 2,500 ரூபா என்று கணக்கிட்டது. 1990 இன் பின்னர் வடக்கிற் பொருளாதாரத் தடை நிலவியது. எரிபொருளும் உரமும் அரிதாயின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. சமுர்த்திச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டே. சமுர்த்தி தெற்கில் வேரூன்றிய காலத்தில், இடம்பெயர்ந்த வலிகாமத்தார் உலர் உணவு நிவாரணத்துக்காக நின்றனர். கூப்பனுக்குப் பதிலாக அகதி அட்டை. மலாயாப் பென்சனுக்குப் பதிலாகக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த பணம். வெளிநாட்டில் உறவினரில்லாத குடும்பத்துக்கு இப்பிந்திய காப்பும் இல்லை.

2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பின் உணவு விலைப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்பாடு வந்தது. யூலையிலிருந்து அஸ்வெசும நடைமுறையாயிற்று. 20 இலட்சம் குடும்பங்கள் நான்கு தரமாக வகுக்கப்பட்டு, 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை விதிக்கப்பட்டது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு எனும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் கொண்டு வறுமை அளக்கப்பட்டது. 1979 இன் வருமானக் கூற்றைவிட இது நுட்பமானது. அதே வினாவையே நுட்பமாகக் கேட்டது. ஒரு குடும்பம் இன்று எவ்வளவு வறியது என்பதை அது கேட்டது. அறுவடை நாளில் வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்பது அக்குறிகாட்டிகளுள் ஒன்றன்று. அவ்விலையினைப் பெரிதும் பாதித்த இறக்குமதி வரி, 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட பண்ட வரிச் சட்டத்தின் கீழ், நலன்புரிச் சபையோடு தொடர்பற்ற வேறொரு வழியில், வர்த்தமானி அறிவித்தல்களாற் கூட்டியும் குறைத்தும் விதிக்கப்பட்டு வந்தது.