கூண்டும் புனுகும்: வடபுல விலங்கு வளர்ப்பு பற்றிய ஒரு குறிப்பு

ஆனையிறவு என்றதும், வன்னிக் காட்டிற் பிடிக்கப்பட்டு, ஆழங்குறைந்த கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் செல்லப்பட்ட யானைகளே நினைவுக்கு வருகின்றன. ஒல்லாந்தர் ஆட்சியில் (1658–1796) வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அவை ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. அரசுக்கு வருவாய் தந்த விலங்காதலின் யானை கணக்கேடுகளில் இடம்பெற்றது. ஆயின் இதே வடபுலத்தில் மக்கள் கூண்டிலடைத்துப் பேணிய சிறுவிலங்கொன்றை வரலாற்று மாணவர் நினைப்பது அரிது.

அதுவே புனுகுப்பூனை. பெயரளவிலேயே அது பூனை. மரநாயின் குடும்பத்தைச் சேர்ந்தது, கீரிக்கு உறவானது. நீர்நாயோ வேறு குடும்பம். அக்குடும்பத்தில் இலங்கைக் காடுகளுக்குரியது அது ஒன்றே. வங்காளத்துச் சுந்தரவன மீனவர் நீர்நாயைப் பழக்கி, மீனை வலைக்குள் விரட்டுவித்தனர். அங்கே விலங்கின் உழைப்பு வேண்டப்பட்டது. இங்கே வேண்டப்பட்டது அதன் மணம்.

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் இதனைக் குறிப்பிடுகின்றார். வடமாகாணத் தமிழர் இவ்விலங்கைக் கூண்டிலடைத்து, அது உடலை உரசும் மரச்சட்டங்களிற் படிந்த புனுகைச் சேகரித்தனர் என்பது அவர் தரும் செய்தி. அன்றைய வடமாகாணம் ஆனையிறவின் இருமருங்கையும் உள்ளடக்கியது என்பது ஈண்டு கருதத்தக்கது.

இம்முறையின் நுட்பம் விலங்கின் இயல்பிலேயே தங்கியுள்ளது. காட்டில் அது தன் இருப்பை உணர்த்த, வாலடிச் சுரப்பியை மரங்களில் உரசிச் செல்லும். கூண்டுச் சட்டம் அம்மரத்துக்குப் பதிலாயிற்று. எதியோப்பியாவில் விலங்கைப் பிடித்தடக்கிச் சுரப்பியிலிருந்தே புனுகை வழித்தெடுப்பர். அதனோடு ஒப்பிடின் நம்மவர் முறை வேதனை குறைந்தது எனலாம். எனினும் இரவெல்லாம் அலைந்து திரியும் உயிருக்குக் கூண்டு சிறையே. வணிகருக்கும் இத்தொழில் எளிதாயிருக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் டானியல் டீபோ 1692இல் ஏறத்தாழ எழுபது புனுகுப்பூனைகளை வாங்கினார். அவ்வாண்டிலேயே கடனில் மூழ்கினார். 1926இல் ருசிக்கா என்னும் இரசாயனவியலார் புனுகின் மணப்பொருளது அமைப்பைக் கண்டறிந்தார்.

ரெனன்றின் செய்தி ஒரே வாக்கியம். மரச்சட்டத்தைக் கண்ட அவர், கூண்டுக்கு வெளியே நின்றவர் யார், விலங்குக்கு எதனை உண்ணக் கொடுத்தார், அது நோயுற்றபோது என்ன செய்தார் என்பவற்றில் ஒன்றையேனும் அவ்வாக்கியத்தில் எழுதவில்லை.