மன்னார்க் கரையில் நம் வரலாறு

கடற்கரைச் சுற்றுலா என்றதும் நம் மாணவர் மனத்தில் எழுவன அலையும் மரநிழலுமே. அழகைத் துய்ப்பதில் குற்றமில்லை. ஆயினும், அற்றனிலும் நுவரெலியாவிலுமிருந்து மன்னாரின் பனைசூழ் கரைக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளை, தன் முன்னோர் இந்நாட்டில் அடிவைத்த வாயிலிலேயே நிற்கிறான்.

மன்னார் பழம்பெருமை வாய்ந்த கரை. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இக்கடலின் முத்துப்பார்கள் நூற்றாண்டுக்கணக்கில் அரச கருவூலங்களை நிரப்பின. ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிலே மாளிகை எழுப்பியதும் முத்துக்குளிப்பின் பொருட்டே. அம்மாளிகையின் சிதைவை இன்றும் காண்கிறோம். மூச்சடக்கி முத்தெடுத்தவர்களின் பெயர்களை எங்கே காண்பது?

1820களில் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்திய தமிழகத்து உழைப்பாளர் இக்கரைக்கு வந்தனர். மணற்றிட்டுகளும் பார்களும் நிறைந்த ஆழமற்ற கடலைத் தோணிகளில் கடந்து, கங்காணிகளின் பின்னே காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை தழைத்தபின்னும் ஆள்வரவு ஓயவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும், தலைமன்னாருக்கு இரயிலும் ஓடத் தொடங்கின. நடைத்துயர் நீங்கியது, கடன்தளை நீங்கவில்லை.

தம் உழைப்பால் நாட்டை வளப்படுத்திய இம்மக்களில் பெரும்பாலோரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. இரு பிரதமர்கள் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. வந்த துறை போகும் துறையாயிற்று. தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றழைத்தனர். மக்கள் வைத்த அப்பெயர் ஒன்றே ஒரு சரித்திர நூலுக்குச் சமம்.

எஞ்சியிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 2023இல், மலையக மக்கள் வரலாற்றின் இருநூறாம் ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் 16 நாள் நடந்தனர். நிலவுரிமையும், வீட்டுரிமையும், உழைப்புக்கேற்ற ஊதியமும் அந்நடையின் கோரிக்கைகளுள் அடங்கின.

ஆசிரிய நண்பர்களே, மாணவரை மன்னாருக்கு அழைத்துச் செல்லுங்கள். கோயிலைக் காட்டுங்கள்; அரிப்பு மாளிகையையும் காட்டுங்கள். ஆனால், தலைமன்னார் இறங்குதுறையில் அவர்களை நிறுத்தி, மாத்தளைக்குச் செல்லும் திசையையும் காட்டாமல் திரும்பிவிடாதீர்கள்.